திரையில் எழும் புயல்

புயலைச் சித்திரத்தில் நிறுத்த முயன்றோரின் வரலாறு, மனிதன் இயற்கையை அஞ்சி வணங்குவதை விட்டு நேர்நின்று நோக்கக் கற்ற வரலாறுமாகும். இடி இந்திரனுடைய ஆயுதம் என்று கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வோன் முகிலின் நிறத்தைக் காண்பது எங்ஙனம்?

1802ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் லூக் ஹவார்டு என்னும் மருந்து செய்வோர் மேகங்களை இனம் பிரித்துப் பெயரிட்டார். 1821, 1822இல் கான்ஸ்டபிள் என்னும் ஓவியர் ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று வெறும் முகில்களையே தீட்டி, பல படங்களின் பின்புறத்தில் நாளையும் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்தார். டர்னரோ 1842இல் பனிப்புயலிற் சிக்கிய நீராவிக் கப்பலின் படத்தை வைத்து, தாம் பாய்மரத்தில் கட்டுண்டு அதனைக் கண்டதாகச் சொன்னார். ஆராய்ச்சியாளர் பலர் இதனை நம்புவதில்லை. கதை பொய்யாயினும் படம் பொய்யன்று.

நிற்க. இக்கலை வெள்ளையர்க்கே உரியது என்பாரும் நம்மிடை உளர். ஜாவாவிற் பிறந்த ராடன் சாலே 1829இல் ஹாலந்து சென்று, ஷெல்ஃப்ஹவுட்டிடம் நிலக்காட்சி பயின்று, 1837இல் புயலில் அலைக்கழியும் கப்பலைத் தீட்டியதை அவர்கள் அறியார் போலும்!

நமது ஜொகூரின் தென்கிழக்கு முனைக்கு அப்பால் பெட்ரா பிராங்கா என்னும் பாறையுண்டு. 2008இல் உலக நீதிமன்றம் அதனைச் சிங்கப்பூருக்கே உரியதென்றது. அங்கு 1850, 1851இல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கை எழுப்பிய நில அளவையாளர் தாம்சன், அதனை நீர்வண்ணத்திலும் தீட்டினார். வடகிழக்குப் பருவக்காற்று அடங்கிய மாதங்களிலேதான் அங்கு வேலை செய்ய முடிந்தது. விளக்குக்கு ஹார்ஸ்பர்க்கின் பெயர். உபின் தீவிற் கருங்கல் உடைத்த தொழிலாளரின் பெயரை எவரும் சொல்வதில்லை.

1973இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஷூப் கணிப்பொறித் திரையில் வண்ணந்தீட்டும் கருவியை இயக்கினார். மலேசியாவில் இஸ்மாயில் சைன் 1988இலேயே கணிப்பொறிப் படங்களைக் காட்சிக்கு வைத்தார். இன்று கைப்பேசியே போதும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போல் வானம், மலை, மரம், மழை என அடுக்கடுக்காகப் பிரித்துக்கொள்கின்றனர். முதலில் நிறத்தை மறந்து, கருமை வெண்மையால் ஒளி வரும் திசையை நிலைநாட்டுகின்றனர். புயலின் அச்சம் கருமையால் வருவதன்று; முகிற் கிழிசலில் விழும் ஒரு கீற்று ஒளியால் வருவது. மின்னல் கடைசி அடுக்கு. பிழைத்தால் அழிக்கலாம், தாளும் வர்ணமும் வாங்க இயலாத தோட்டத்துப் பிள்ளைக்கு இது சிறிய நன்மையன்று.

ஆனால் ஆயத்தத் தூரிகை என்றொன்று விற்கிறார்கள். ஓர் அழுத்தில் முகிற்கூட்டம் பிறக்கும். அஃது எவ்வூர் முகில்? நம் இளைஞர் திரைகளிலெல்லாம் பனிமலையும் ஊசியிலை மரமுமே புயலிற் சாய்கின்றன. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியுமுன், மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் ‘சுமத்திரா’க் காற்றோ வானின் குறுக்கே நீண்ட கரிய விளிம்பாக எழும், அதன் அடியில் வெளிறிய ஒளி, செம்பனை ஓலைகள் யாவும் ஒரே புறம் திரும்பும். சன்னலைத் திறந்தாற் போதும்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட்டும் கோத்தா திங்கியும் வெள்ளத்தில் மூழ்கின. ஜொகூரில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேறினர். அவ்வானத்தின் நிறத்தைக் கேட்டறிய, அதனைக் கண்டோர் இன்னும் ஊரிலேயே இருக்கின்றனர்.