மிளகு கட்டிய மாநகரம் லிஸ்பன்

வீட்டிலே ஜன்னலைத் திற என்கிறோம், சாவி எங்கே என்று தேடுகிறோம், அலமாரியிலே துணி அடுக்குகிறோம். மூன்றும் நம் பாட்டன் பூட்டன் சொல் என்றுதான் நினைப்பு. மூன்றுமே போர்த்துக்கீசியச் சொற்கள்! பாசார் மாலாமிலே கடைக்காரர் ‘லேலோங், லேலோங்’ என்று கூவுகிறாரே, அதுவும் அவர்கள் விட்டுப்போனதுதான். நாம் சொல்லும் ‘ஏலம்’ அதே சொல்லின் இன்னொரு பிள்ளை. இந்தச் சொற்கள் எல்லாம் கப்பலேறிய துறைமுகம் லிஸ்பன். போர்த்துகல் நாட்டின் தலைநகரம். தேஜோ ஆறு கடலைச் சேரும் இடத்திலே, ஏழு குன்றுகளின் மேல் ஏறி இறங்கிக் கிடக்கும் ஊர்.

ஐரோப்பா போகிறவர்கள் பெரும்பாலும் லண்டன், பாரிஸ் என்றே ஓடுகிறார்கள். மலாக்கா வரலாறு படித்த பிள்ளைகள் முதலில் பார்க்கவேண்டியது லிஸ்பனைத்தான் என்பது என் கருத்து. அந்த ஊரின் அழகிலே நம்ம கடலுக்கும் பங்கு உண்டு.

ஆற்றோரமாக மேற்கே போனால் பெலேம் என்ற பகுதி. 1497 ஜூலை 8-ஆம் நாள் வாஸ்கோ ட காமா இங்கிருந்துதான் புறப்பட்டார். மறு ஆண்டு மே மாதம் கோழிக்கோடு வந்து சேர்ந்தார். அந்தப் பயணத்தின் லாபம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளக் கணக்குப் புத்தகம் தேவையில்லை. எதிரே நிற்கும் ஜெரோனிமோஸ் மடாலயத்தைப் பார்த்தாலே போதும். தூண் ஒவ்வொன்றிலும் கயிறு, கடற்பாசி, பவளம் என்று கல்லிலே செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். கட்டி முடிக்க ஏறக்குறைய நூறு ஆண்டு பிடித்தது. பணம் எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்கின் மேல் மன்னர் மனுவேல் போட்ட வரி, நூற்றுக்கு ஐந்து. அதற்குப் பெயரே மிளகு வரி! வாஸ்கோ ட காமா 1524-ல் கொச்சியிலே இறந்தவர். அவருடைய எலும்புகள் இப்போது இந்த மடாலயத்திலே அழகான கல்லறைக்குள் இருக்கின்றன.

அந்தச் சரக்கிலே மலாக்காவின் பங்கு சின்னதல்ல. 1511-ல் அல்புகெர்க்கே மலாக்காவைப் பிடித்தார். பள்ளிவாசல் கற்களையும் சுல்தான்களின் கல்லறைக் கற்களையும் பெயர்த்து ‘ஃபமோசா’ கோட்டையைக் கட்டினார். கொள்ளையிட்ட பொருளை ‘ஃப்ளோர் டி லா மார்’ என்ற கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அது அந்த ஆண்டே சுமத்ராக் கரைக்கு அருகில் மூழ்கிப்போயிற்று. மலாக்கா ஆற்றோரம் கடல் அருங்காட்சியகமாக நிற்கிறதே ஒரு பெரிய மரக்கப்பல், அது இந்தக் கப்பலின் மாதிரிதான். கொள்ளைப் பொருள் போய்ச் சேரவில்லை. ஆனால் அதற்குப் பின் 1641-ல் டச்சுக்காரர் வந்து பிடுங்கும்வரை, கிராம்பும் ஜாதிக்காயும் மலாக்கா வழியாக லிஸ்பனுக்குப் போய்க்கொண்டே இருந்தன. இதிலே நம்மவர்களும் வெறும் பார்வையாளர்கள் அல்லர். மலாக்காவில் வியாபாரம் செய்த நைனா சாத்து என்ற தமிழ் வணிகர் போர்த்துக்கீசியருக்கு உதவினார். அவர்கள் அவருக்குப் பெண்டஹாரா பதவி கொடுத்தார்கள். நல்லதோ கெட்டதோ, அதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்!

மடாலயத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், ஆற்றுக்குள்ளே கால் வைத்தாற்போல பெலேம் கோபுரம். அதன் ஒரு மூலையில் காண்டாமிருகத் தலை ஒன்று செதுக்கியிருக்கிறது. மழையிலும் காற்றிலும் தேய்ந்துபோன தலை; சொல்லிக் காட்டினால்தான் தெரியும். குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று 1515 மே மாதம் கப்பலில் லிஸ்பன் வந்து இறங்கியது. ஐரோப்பாவில் அப்படி ஒரு மிருகத்தைக் கண்டு ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியிருந்தது. மன்னர் அதை யானையோடு மோதவிட்டு வேடிக்கை பார்த்தார். யானை ஓடியே போய்விட்டது! பிறகு போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பினார்கள். வழியிலே கப்பல் கவிழ்ந்து, சங்கிலியில் கட்டிய அந்த ஜீவன் நீந்த முடியாமல் மூழ்கியது. ஜெர்மானிய ஓவியர் டூரர் அதைக் கண்ணால் பாராமலே, பிறர் எழுதியதை வைத்து வரைந்த படம் இன்றும் உலகப் புகழோடு இருக்கிறது.

தமிழ் மாணவர்கள் மறக்கக்கூடாத இன்னொன்று. 1554-ல் லிஸ்பனிலே ஒரு சிறு ஞானோபதேசப் புத்தகம் அச்சானது. மொழி தமிழ், எழுத்து ரோமன். தமிழ் மொழி முதன்முதலில் அச்சேறியது இப்படித்தான். நம் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சாக 1578 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஊருக்குள்ளே ‘போசோ தோஸ் நேக்ரோஸ்’ என்று ஒரு தெரு இருக்கிறது. கறுப்பர்களின் கிணறு என்று பொருள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகள் செத்தால் உடலைப் போட ஒரு குழி தோண்டும்படி 1515-ல் மன்னர் மனுவேல் உத்தரவிட்டார். மடாலயத்தைக் கட்டிய அதே மன்னர்தான். மடாலயத்தைப் பார்க்க நீண்ட வரிசை நிற்கிறது. இந்தத் தெருப் பெயரைப் படித்துப் பார்க்கிறவர் குறைவு.

இனி அந்தப் பெரும் துயரத்துக்கு வருவோம். 1755 நவம்பர் 1. கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர்களின் திருநாள். காலை ஒன்பதரை மணி தாண்டிய நேரம், கோயில்களெல்லாம் நிறைந்த கூட்டம். பூமி குலுங்கியது. சில நிமிடத்திலே கூரைகள் ஜனங்கள் மேல் இறங்கின. உயிர் தப்பியவர்கள் திறந்த வெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே தண்ணீர் பின்வாங்கி ஆற்றின் அடி தெரிந்தது. பிறகு அலை வந்தது. 2004 டிசம்பர் 26-ல் பினாங்கிலும் கெடாவிலும் கடலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. திருநாளுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியும் அடுப்பும் சாய்ந்து பிடித்த தீ ஐந்தாறு நாள் எரிந்தது. செத்தவர் பல பத்தாயிரம். ஆற்றோர அரண்மனையும் அதன் நூலகமும், கிழக்கிலிருந்து வந்த மிளகைக் கணக்குப் பார்த்த அலுவலகமும் போயின. மன்னர் ஜோசே அன்றைக்குப் பெலேமில் இருந்ததால் பிழைத்தார். ஆனால் அதன் பிறகு கல்வீட்டிலே படுக்கப் பயந்து, சாகும்வரை மரத்தாலான கொட்டகை அரண்மனையிலேயே காலம் தள்ளினார்.

நாட்டை எடுத்து நிறுத்தியவர் அமைச்சர் கர்வால்யோ. பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்றவர். கொள்ளைநோய் வராமலிருக்கப் பிணங்களைப் படகில் ஏற்றிக் கடலில் இறக்கினார். கொள்ளையடித்தவனைத் தூக்கிலே போட்டார். தானிய விலையை ஏற்றக்கூடாது, வீட்டு வாடகையை ஏற்றக்கூடாது என்று கட்டளை போட்டார். ஊர் ஊராகக் கேள்வித்தாள் அனுப்பினார்: எவ்வளவு நேரம் ஆடியது? எத்தனை வீடு விழுந்தது? கடல் ஏறியதா, இறங்கியதா? இது கடவுளின் தண்டனை என்று பாதிரிமார் பிரசங்கம் செய்த காலத்தில், உட்கார்ந்து பதில்களை எண்ணிப் பார்த்த மனிதர். நில நடுக்க ஆராய்ச்சி இந்தக் கேள்வித்தாளிலிருந்து தொடங்கியது என்பார்கள். மனிதர் கொடுமைக்காரர்தான், எதிரிகளை ஈவிரக்கமின்றி அழித்தவர். ஆனாலும் இந்த வேலைக்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அவர் எழுப்பிய பகுதி பாய்ஷா. சதுரங்கப் பலகை மாதிரி நேர் தெருக்கள்: பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு என்று தொழிலாளர் பெயரிலேயே தெருக்கள். வீடுகளின் சுவருக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் பூட்டிய ஒரு கூண்டு மறைந்திருக்கிறது. கல் உதிர்ந்தாலும் கூண்டு ஆடிக்கொடுத்து நிற்கும். மாதிரி ஒன்றைக் கட்டி, சுற்றிலும் படைவீரர்களை மிதித்து நடக்கவைத்துச் சோதித்தார்கள் என்று சொல்வதுண்டு. மேலே குன்றிலே கார்மோ மடம் கூரையில்லாமலே நிற்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். வளைவுகளுக்கு மேலே வெறும் வானம். எனக்கு எந்தக் கோபுரத்தையும்விட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

தங்க எங்கே போவது? கோட்டைக்குக் கீழே இருக்கும் அல்ஃபாமா, அரபுக்காரர் காலத்துச் சந்துகள் நிறைந்த ஏழைத் தொழிலாளர் பகுதி. 1755-ல் பெரும்பாலும் தப்பியது. 28-ஆம் எண் டிராம் அதன் ஓரமாக முனகிக்கொண்டு ஏறும், பணப்பையைக் கவனித்துக்கொள்ளுங்கள்! இங்கே அறைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. கிடைப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. 2012-ல் வந்த சட்டம் பழைய வாடகைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பயணிகளும் பெருகினார்கள். தலைமுறையாகக் குடியிருந்த வயதானவர்கள் பலர் காலி செய்தார்கள். அந்த வீடுகள் நாள் வாடகை அறைகளாயின. பூகம்பம் அசைக்காத வீட்டை வாடகை காலி பண்ணிவிட்டது. தோட்டத்தை விற்று லயத்தைக் காலி பண்ணச் சொன்ன கதை நமக்கு ஒன்றும் புதுசில்லையே!

ஆகவே நான் சொல்வது, பாய்ஷாவிலே மாடியில் குடும்பங்கள் நடத்தும் ‘பென்சாவ்’ விடுதி ஒன்றைப் பாருங்கள். அறை சின்னது, சுத்தமாக இருக்கும். ஆற்றங்கரைச் சதுக்கம் நடக்கிற தூரம். பசியாறுவதற்கு மூலைக்கு மூலை காப்பிக்கடையும் முட்டைப் பணியாரமும் உண்டு. பெலேமிலே 1837 முதல் அதைச் சுட்டு விற்கும் கடைக்கு ஒரு நாள் போய் வரலாம். ஒன்று மட்டும்: பல கட்டடங்களில் மின்தூக்கி கிடையாது, படிகளும் செங்குத்து. வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் எத்தனையாவது மாடி என்று முதலிலேயே கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.