எம்மி விருதுப் பட்டியலும் அதன் எல்லைகளும்

அமெரிக்க நாட்டில் தொலைக்காட்சிக் கலைஞர்க்கு ஆண்டுதோறும் வழங்கப்பெறும் 'எம்மி' விருதின் வரலாறு கூறுவோர் பலர், இன்ன ஆண்டில் இன்னார் பெற்றார் என்னும் பட்டியலோடு அமைந்து விடுகின்றனர். மெய்க்கீர்த்தி ஒன்றைப் படிப்பவர், அது எவ்வூர்க் கல்லில் யாரால் வெட்டுவிக்கப்பட்டது என்பதை முதற்கண் கேட்பர். விருதுப் பட்டியலையும் அவ்வாறு கேட்டறிதல் வேண்டும் என்பது எம் கருத்து. சிறப்பாக, முதல் மூன்று விழாக்களின் பட்டியலை அமெரிக்கா முழுமைக்கும் உரிய தீர்ப்பாகக் கொள்வது பொருந்தாது. அதற்குரிய சான்று அப்பட்டியலிலேயே உள்ளது.

இவ்விருதினைத் தோற்றுவித்த தொலைக்காட்சிக் கழகம் 1946ஆம் ஆண்டில் சிட் காசிட் என்பவரின் முயற்சியால் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அமைந்தது. அதன் முதல் தலைவர் எட்கர் பெர்கன், வாயசைவு தோன்றாமல் பொம்மையைப் பேசவைக்கும் கலையில் வல்லவர். விருதுக்கு வழங்கும் பெயரின் பிறப்பும் அறியத்தக்கது. ஐகனாஸ்கோப் என்னும் ஒளிப்படக் குழலின் பெயரைச் சுருக்கி 'ஐக்' எனலாம் என முதலில் எண்ணினர். அது படைத்தலைவர் ஐசனோவரின் செல்லப்பெயராக வழங்கியமையால் கைவிடப்பட்டது. பின்னர், இமேஜ் ஆர்த்திகான் என்னும் புதிய குழலைத் தொழிலாளர் 'இம்மி' என்று அழைத்துவந்த வழக்கைப் பொறியாளர் ஹாரி லப்கி எடுத்துக்காட்டினார். லூயிஸ் மெக்மேனஸ் தம் மனைவியை மாதிரியாகக் கொண்டு வடித்த விருதுச் சிலை, அணுவின் வடிவினை ஏந்திய சிறகுடைய பெண்ணுரு. அதற்கேற்ப 'இம்மி' என்பது பெண்பெயராகிய 'எம்மி' எனத் திரிந்தது. கருவியின் பெயர் மகளின் பெயராகிய இத்திரிபு, சொல்லாராய்ச்சியாளர்க்குச் சுவை தருவதாகும்.

முதல் விழா 1949 சனவரி 25ஆம் நாள் ஹாலிவுட் உடற்பயிற்சிக் கழகத்தில் நடைபெற்றது. நுழைவுச் சீட்டின் விலை 5 டாலர். வழங்கப்பட்டவை ஆறே விருதுகள். அவற்றுள் ஒன்று சிலையை வடித்த மெக்மேனஸுக்கே உரியதாயிற்று. சிறந்த தொலைக்காட்சிக் கலைஞர் என்னும் விருதினை ஷெர்லி டின்ஸ்டேல் என்னும் இளம்பெண் பெற்றார். இவரும் பெர்கனைப் போன்று பொம்மையைப் பேசவைப்பவர். பொம்மையின் பெயர் ஜூடி ஸ்ப்ளின்டர்ஸ். மக்கள் பெரிதும் விரும்பிய நிகழ்ச்சியாகப் 'பாண்டமைம் குவிஸ் டைம்' என்னும் ஊமைநடிப்பு விளையாட்டும், தொலைக்காட்சிக்கென எடுத்த சிறந்த படமாக மாப்பசானின் சிறுகதையைத் தழுவிய 'தி நெக்லஸ்' என்பதும் தேர்ந்தெடுக்கப்பட்டன. நிலையத்துக்குரிய விருது, அந்நகரில் 1947 முதல் வணிக முறையில் ஒளிபரப்பிவந்த கே.டி.எல்.ஏ. நிலையத்துக்குச் சென்றது.

இப்பட்டியலைக் காணும் மாணவர், அக்காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியின் தலைசிறந்த கலைஞர் டின்ஸ்டேலே எனக் கொள்வராயின், அது பிழைபட்ட முடிபாகும். 1948 சூன் மாதம் நியூயார்க்கில் தொடங்கிய 'டெக்சகோ ஸ்டார் தியேட்டர்' வாயிலாக மில்டன் பெர்ல் பெரும்புகழ் எய்தியிருந்தார். அவர் பெயர் இப்பட்டியலில் இல்லை. அவரை எடைபோட்டுத் தள்ளினாரும் இலர். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஒளிபரப்பானவையே போட்டிக்கு உரியனவாக இருந்தன. கிழக்கையும் நடு மாநிலங்களையும் இணைக்கும் கம்பிவடம் அதே 1949 சனவரியில்தான் இயங்கத் தொடங்கிற்று. மேற்குக் கடற்கரையோ இவ்வலையின் புறத்தே நின்றது.

இவ்வெல்லை மிகத் தெளிவாகப் புலப்படுவது 1950 சனவரி 27ஆம் நாள் நிகழ்ந்த இரண்டாம் விழாவிலேயாம். அவ்வாண்டு விருதுகள் புதுமையான முறையில் பகுக்கப்பட்டன: சிறந்த நேரடி நிகழ்ச்சி ஒன்று, சிறந்த கினெஸ்கோப் நிகழ்ச்சி ஒன்று, அவ்வாறே கலைஞர்க்கும் இரண்டு. கினெஸ்கோப் என்பது, தொலைக்காட்சித் திரையில் ஓடும் நிகழ்ச்சியை அத்திரைக்கு எதிரே படப்பிடிப்புக் கருவி வைத்துப் படச்சுருளில் பதிவு செய்யும் முறை. நியூயார்க்கில் நடந்தது இவ்வாறு பதிவாகி, வண்டியேறி மேற்குக்கு வந்து, நாள் கழித்து, மங்கிய உருவோடு காட்டப்பட்டது. பெர்லும் அவர்தம் நிகழ்ச்சியும் கினெஸ்கோப் விருதுகள் இரண்டையும் பெற்றனர். நேரடி விருதுகள் இரண்டும் எட் வின் என்பவருக்கும் அவர்தம் நிகழ்ச்சிக்கும் உரியவாயின.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பெர்லின் நிகழ்ச்சி நியூயார்க்கில் நேரடி நிகழ்ச்சியே. எட் வின் நிகழ்ச்சியோ லாஸ் ஏஞ்சல்ஸில் அரங்கேறிக் கிழக்கே கினெஸ்கோப் சுருளாகச் சென்றது. விழா நியூயார்க்கில் நடந்திருப்பின் இரு விருதுகளும் இடம் மாறியிருக்கும்! ஆகவே 'நேரடி', 'கினெஸ்கோப்' என்பன கலையின் வகைகளைக் குறித்த பெயர்கள் போலத் தோன்றினும், உண்மையில் பார்ப்பவர் அமர்ந்திருந்த திசையையே குறித்தன. இதனைக் கருதாது, இரு வேறு நாடக மரபுகள் போட்டியிட்டன என உரைப்பின் அது பெயரை நம்பி ஏமாறுதலே. இன்னொன்று: சுருளிற் பதியாத நேரடி நிகழ்ச்சிகள் காற்றோடு கலந்தன. அக்காலத்து நேரடிக் கலையுள் இன்று நமக்குக் காணக் கிடைப்பன பெரும்பாலும் தரங்குறைந்தது எனக் கருதப்பெற்ற அக்கினெஸ்கோப் படிகளே.

மூன்றாம் விழாவிலும், 1951 தொடக்கத்தில், அவ்வெல்லையே நிலவியது. அதனை உடைத்தது நுண்ணலை அஞ்சல் வழியாகும். 1951 செப்டம்பர் 4ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் சப்பானிய உடன்படிக்கை மாநாட்டில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆற்றிய உரை, இரு கடற்கரைகளுக்கும் ஒரே நேரத்தில் சென்றது. ஆறு திங்கள் கழியுமுன், 1952 பெப்ரவரி 18ஆம் நாள் நிகழ்ந்த நான்காம் விழாவில் நாடு முழுவதும் போட்டிக்களமாயிற்று. நியூயார்க்கிலிருந்து வந்த 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்' பல்சுவை விருதினையும், அதன் கலைஞர் சிட் சீசர், இமோஜின் கோக்கா ஆகியோர் நடிப்பு விருதுகளையும், 'ஸ்டூடியோ ஒன்' நாடக விருதினையும் பெற்றன. நடிப்பே தொழிலாக இல்லாத மேலவை உறுப்பினர் எஸ்டீஸ் கெபாவரும் சிறப்பிக்கப்பட்டார். குற்றக் கும்பல்களைப் பற்றி அவர் நடத்திய விசாரணைகள் தொலைக்காட்சியில் பெரும் பரபரப்பை விளைத்திருந்தன. கினெஸ்கோப் விருதின் பெயரோ மூன்றாம் விழாவிலேயே பட்டியலினின்று மறைந்திருந்தது.

எல்லை அகன்றதும் உரிமைப் பூசல் எழுந்தது. நியூயார்க்கினர் எட் சல்லிவன் தலைமையில் 1955இல் தமக்கெனக் கழகம் கண்டனர். 1957இல் இரு தரப்பும் தேசியக் கழகமாக இணைந்தன. 1977இல் மீண்டும் பிரிந்து, இரவு நிகழ்ச்சிகட்குரிய விருதுகள் ஹாலிவுட்டாரிடமும், பகல் நிகழ்ச்சி, செய்தி, விளையாட்டு ஆகியவற்றுக்குரியன நியூயார்க்காரிடமும் நின்றன.

பிற்கால எல்லைகளை விரிப்பிற் பெருகும்; சுருங்கக் கூறுவாம். கட்டணக் கம்பிவடத் தொலைக்காட்சிக்கு இரவு விருதுகளின் வாயில் 1988இல்தான் திறந்தது. அதன் நிகழ்ச்சி ஒன்று, 'தி சொப்ரானோஸ்', சிறந்த நாடகத் தொடர் எனப் பெயர்பெற 2004 வரை ஆயிற்று. இணையவழித் தொடருக்கு அப்பெயர் முதன்முதல் வாய்த்தது 2017இல், 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' என்பதால். நாடகத் தொடரின் தலைமை நடிகைக்குரிய விருதினைக் கறுப்பினப் பெண்ணொருவர், வயோலா டேவிஸ், முதன்முதலாகப் பெற்றது 2015இல். முதல் விழாவுக்கும் அவ்வாண்டுக்கும் இடைப்பட்டவை அறுபத்தாறு ஆண்டுகள். இவ்விடைவெளியைக் கலைத்திறனின் குறைவால் விளக்கப் புகுவார் எவரேனும் உளராயின், அவர் 1949ஆம் ஆண்டுப் பட்டியலில் பெர்லைக் காணாமைக்கும் அதே விளக்கம் கூறல் வேண்டும்.

மொழியெல்லை இன்னும் அண்மையில் நெகிழ்ந்தது. 2022இல் கொரியத் தொடராகிய 'ஸ்குவிட் கேம்' நடிகர் லீ ஜங்-ஜே நாடகத் தொடரின் தலைமை நடிகர் விருதினையும், ஹ்வாங் டொங்-ஹ்யுக் இயக்குநர் விருதினையும் பெற்றனர். 2024இல், பெரும்பகுதி சப்பானிய மொழியில் அமைந்த 'ஷோகன்' பதினெட்டு விருதுகளோடு சிறந்த நாடகத் தொடராயிற்று. ஆயினும் அமெரிக்காவுக்கு வெளியே ஆக்கப்படுவனவற்றுக்குப் பன்னாட்டு எம்மி எனத் தனி விழா இன்றும் நடைபெறுகின்றது. 2020இல் அதன் நாடகத் தொடர் விருதினைப் பெற்றது இந்தியாவின் 'டெல்லி கிரைம்'. இதுவும் கொரியத் தொடரும் நெட்பிளிக்ஸ் என்னும் ஒரே இணையவழியில் உலகெங்கும் காணப்பட்டவை.