ஜனவரிக் காற்றும் டூ ஸ்ட்ரோக் ஊசியும்

திருச்சியில் ஓடிய ஆர்எக்ஸ் 100க்கு கார்பரேட்டரைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அடைத்துக்கொண்டால் கழற்றி ஊதி மாட்டுவார்கள், அவ்வளவுதான். அதே வண்டியை வட இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் மட்டும் வருடத்துக்கு இரண்டு தடவை மெக்கானிக்கிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. பணிமாற்றத்தில் சண்டிகர் வந்த புதிதில் இது எனக்குப் புரியவில்லை. நான் பி.காம். படித்தவன். டெபிட் கிரெடிட் தெரியும், பெர்னூலி தெரியாது. போகப்போகத் தெரிந்துகொண்ட கதைதான் இது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இங்கிலாந்தில் பாத் நகரத்துக்காரர் ஜோசப் டே, 1890ஐ ஒட்டி ஓர் எளிமையான டூ ஸ்ட்ரோக் இன்ஜின் செய்தார். பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறையே காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுத்து மேலே தள்ளும். தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பின்னாளில் பெட்ரோலோடேயே எண்ணெயைக் கலந்து அனுப்பும் பழக்கம் வந்தது. ஆக, இந்த இன்ஜினுக்கு பெட்ரோல் வெறும் எரிபொருள் இல்லை. வழுக்குவதற்கும் அதுதான், பிஸ்டனைக் குளிர வைப்பதற்கும் அதுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க இதில்தான் நிற்கிறது.

1893இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக், சிறு துளை வழியாக பெட்ரோலைப் பீய்ச்சும் கார்பரேட்டரைக் கொண்டுவந்தார். அந்தத் துளைதான் ஜெட். குறுகலான குழாயில் காற்று வேகமாகப் போகும்போது அழுத்தம் குறைகிறது, ஜெட் வழியாக பெட்ரோல் மேலே ஏறி வருகிறது. அழகான ஏற்பாடு. ஆனால் ஒரு குறை. கார்பரேட்டருக்குக் காற்றின் எடை சரியாகத் தெரியாது. லிட்டர் கணக்கு மட்டும் பார்த்து, எடையைப் பாதி கவனித்து பாதி கோட்டைவிடும் கடைக்காரர் மாதிரி.

கணக்காகவே சொல்கிறேன் (தொழில் புத்தி!). மே மாதம் 45 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.11 கிலோ. ஜனவரி விடிகாலை 5 டிகிரியில் சுமார் 1.27 கிலோ. அதாவது 14 சதவீதம் அதிகம். ஆனால் ஜெட் வழியாக வரும் பெட்ரோல், காற்றின் அடர்த்திக்கு நேராகக் கூடுவதில்லை, அதன் வர்க்கமூலத்துக்குத்தான் கூடுகிறது. ஆகவே காற்று 14 ஏறினால் பெட்ரோல் 7 ஏறும். மீதி 7 துண்டு விழும். திருச்சியில் 20க்கும் 40க்கும் நடுவில் வாழ்கிற வண்டிக்கு இந்தத் துண்டு மூன்று சதவீதத்தைச் சொச்சம் தாண்டாது. அதனால்தான் நம் ஊர் மெக்கானிக் இதைக் கண்டுகொள்ளவே தேவை இருக்கவில்லை.

ஏழு சதவீதம் பெரிய விஷயமா? பட்ஜெட்டில் விழுந்தால் சமாளிக்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் விழுந்தால் பிஸ்டன் சூடேறும். ஏற்கெனவே இழுத்துப் பிடித்து டியூன் செய்த வண்டியாக இருந்தால் ஆபத்துதான். அலுமினிய பிஸ்டன், இரும்பு சிலிண்டரைவிட அதிகமாக விரியும். விரிந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அதைத்தான் சீஸ் ஆகிவிட்டது என்கிறோம். நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டிகள் இடது கையின் இரண்டு விரலை எப்போதும் கிளட்ச் மேலேயே வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டைலுக்காக இல்லை, உயிருக்காக.

குளிர்காலத்தில் வண்டி ஸ்டார்ட் ஆக சோக் இழுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. சோக் முதல் ஒரு நிமிடத்துக்கு. நாள் முழுக்க வண்டியைக் காப்பாற்றுவது ஜெட்டும் ஊசியும்தான்.

இந்தியாவில் 1961இல் மைசூரில் ஜாவா தயாரிப்பு தொடங்கியது. 1972இல் சேத்தக், 1983இல் ராஜ்தூத் 350, 1985இல் ஆர்எக்ஸ் 100. ஒரே நாடு, ஆனால் கன்னியாகுமரி கடற்கரையும் இருக்கிறது, 3,500 மீட்டர் உயரத்தில் லேயும் இருக்கிறது. எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரு ஜெட்டைப் போட்டு அனுப்பினால், மிச்சத் திருத்தம் தெருமுனை மெக்கானிக் தலையில்தான் விழும். அமெரிக்காவில் பனிச்சறுக்கு வண்டிகளின் கையேட்டில், இத்தனை டிகிரி, இத்தனை அடி உயரம், இந்த எண் ஜெட் என்று அட்டவணையே அச்சடித்துக் கொடுத்தார்கள். நம் ராஜ்தூத் 350இன் தூரத்துச் சொந்தம் ஒன்று அங்கே நான்கு சக்கரத்தில் ஓடியது. யமஹா பான்ஷி என்ற ஏடிவி, 1987இல் வந்தது. அதே 347 சிசி இரட்டை சிலிண்டர் குடும்பம், ஆனால் தண்ணீரில் குளிர்வது. அதை வைத்திருந்தவர்கள் ஒரு டப்பா நிறைய ஜெட் வாங்கி வைத்துக்கொண்டு, காலைக் குளிருக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று என்று மாற்றுவார்கள். நமக்கு அட்டவணையும் இல்லை, டப்பாவும் இல்லை.

இருந்தது காது. எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒரு சர்தார்ஜி மெக்கானிக் (பாஜி என்றுதான் நான் கூப்பிடுவேன்) சொன்ன முறை இது. தீபாவளி கழிந்ததும் ஊசியில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குவார். கிளிப் இறங்கினால் ஊசி ஏறும், பெட்ரோல் கூடும். ஹோலிக்குப் பிறகு பழைய இடத்துக்கு. முழு வேகத்தில் ஊசிக்கு வேலை இல்லை, அங்கே மெயின் ஜெட்தான் பேசும். டெல்லோர்ட்டோ வகையில் ஜெட் எண் என்பது துளையின் விட்டம். 100 என்றால் ஒரு மில்லிமீட்டர். நம் 7 சதவீதத் துண்டை அடைக்க 103, 104 போதும். தலைமுடி அகலத்துக்கும் குறைவான வித்தியாசம்! போட்டபின் ஓட்டி, ஓடும்போதே இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். காபித்தூள் நிறம் என்றால் சரி. வெள்ளை என்றால் உடனே நிறுத்து.

“சார், கஸ்டமர் கேட்பது ஒன்றே ஒன்றுதான், மைலேஜ்” என்பார் பாஜி. பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம், இறுக்கிக் கொடு என்று வருவார்களாம். ஏப்ரலில் இறுக்கியது ஜனவரியில் பிஸ்டனைப் பிடிக்கும். வட்டியில் மிச்சம் பிடித்து அசலை இழப்பதை எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிறோம், இது அதே ஜாதி.

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த இன்ஜினில் உள்ளே வந்த பெட்ரோலில் கணிசமான பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாகப் போய்விடும். எவ்வளவு நன்றாக டியூன் செய்தாலும் அது நிற்காது. 1998இல் உச்ச நீதிமன்றம், தில்லியில் டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு அளவாகக் கலந்த பெட்ரோல் மட்டுமே பங்கில் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2000இல் புகை விதிகள் இன்னும் இறுகின. அதற்குப் பிறகு டூ ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. எனக்கு அதில் வருத்தம் இல்லை, என் பிள்ளைகள் இந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். வருத்தம் பாஜியின் காதைப் பற்றித்தான்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததும் புது பைக்குகளில் கார்பரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. காற்றின் வெப்பமும் அழுத்தமும் சென்சார் பார்த்துக்கொள்கிறது. தீபாவளி, ஹோலி தேவையில்லை. பாஜி ஸ்கேனர் வாங்க முத்ரா கடன் கேட்டு வந்தார். விண்ணப்பத்தில் தொழில் அனுபவம் என்ற இடத்தில் முப்பது வருடம் என்று எழுதினார். அந்த முப்பது வருடத்தில் ஸ்கேனருக்கு உதவுவது எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடன் கொடுத்தோம், தவணை ஒழுங்காக வருகிறது.

பழைய ஆர்எக்ஸில் லே போகிற இளைஞர்கள் இன்னும் அவரிடம்தான் வருகிறார்கள். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், ஆகவே குளிராக இருந்தாலும் பெட்ரோல் அதிகமாகிவிடும், சின்ன ஜெட் போட வேண்டும். போட்டு அனுப்பும்போது பழைய ஜெட்டை ஒரு பொட்டலத்தில் கட்டி அவர்கள் சட்டைப் பையிலேயே வைத்துவிடுகிறார், மணாலி இறங்கியதும் மாட்டு என்று சொல்லி. மாட்டாமல் சமவெளிக்கு வந்தவர்களின் பிஸ்டன்கள் இரண்டு மூன்று அவர் கடை அலமாரியில் வரிசையாக இருக்கின்றன.