வீதியும் சக்கரமும்

வீதியின் மேற்பரப்பு எத்தகையது என்பதை முதலில் உணர்பவன் துவிச்சக்கரவண்டியிற் செல்பவனே. மோட்டார் வண்டியிற் செல்பவனுக்கு வில்லும் மெத்தையும் மறைத்துவிடும் குறைகளையெல்லாம் அவன் தன் கைகளிலும் முதுகிலும் அறிகின்றான். ஆதலால், துவிச்சக்கரவண்டியின் வரலாற்றை வீதிகளின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது.

ஸ்கொத்லாந்தில் 1756ஆம் ஆண்டிற் பிறந்த ஜோன் லவுடன் மக்கடம், 1816ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரைச் சூழ்ந்த வீதிகளின் மேற்பார்வையைப் பொறுப்பேற்றார். நிலத்தை ஈரமின்றி வைத்திருந்தால் எத்தகைய பாரத்தையும் அந்நிலமே தாங்கும் என்பது அவர் கொள்கை. எனவே, ஆறு அவுன்ஸ் நிறைக்கு மேற்படாதபடி உடைத்த கூரிய கற்களை மண்மேற் பரப்பினார். வண்டிகளின் இரும்புச் சக்கரங்கள் அவற்றை நெரித்தன. உதிர்ந்த கல்துகள் இடைவெளிகளை நிரப்பிக் கற்களை இறுக்கிற்று. இரும்புச் சக்கரம் ஓட ஓட இறுகும் வீதி அது.

1817ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில், கார்ல் வொன் டிறைஸ் என்பவர் காலால் நிலத்தை உந்திச் செலுத்தும் இருசக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். 1860களில் பாரிஸ் நகரில் மிதிகட்டை பூட்டிய வண்டிகள் தோன்றின. மரச் சக்கரத்தில் இரும்புப் பட்டம் அடித்த அவ்வண்டிகள் கல் பாவிய தெருக்களில் ஓடியபோது ஏறியிருந்தவர் பட்ட பாடு பெரிது. ஆங்கிலேயர் அவற்றுக்கு இட்ட பெயர் ‘எலும்புகுலுக்கி’ என்பதாகும்.

பின்னர் திண்ம இறப்பர்ப் பட்டம் வந்தது. முன்சக்கரமும் மிக உயர்ந்தது. பெரிய சக்கரம் சிறு பள்ளங்களுள் இறங்காது உருளும். அதனால் அதிர்ச்சி குறைந்தது. ஆயினும் வழியிற் கிடக்கும் கல்லொன்றிற் சக்கரம் தடைப்பட்டால் ஓட்டுபவர் தலைகுப்புற வீழ்வார். இந்த ஆபத்தை நீக்க, 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி இரு சிறு சக்கரங்கள் கொண்ட ‘றோவர்’ வண்டியை வெளியிட்டார். வீழும் அச்சம் குறைந்தது. ஆனால் சக்கரம் சிறிதானமையால் வீதியின் அதிர்ச்சி மீண்டும் மிகுந்தது.

அதற்குத் தீர்வு கண்டவர் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் போய்ட் டன்லப். அவர்தம் மகனின் முச்சக்கர வண்டி கற்றெருக்களில் துள்ளிக் குலுங்கியது. 1887இல் அவர் மெல்லிய இறப்பர்த் தகட்டாற் குழாய் செய்து, காற்றடைத்து, துணியால் மரத்தட்டொன்றிற் பொருத்தினார். முற்றத்தில் அதனையும் பழைய சக்கரத்தையும் உருட்டிப் பார்த்தார். பழையது இடைவழியிற் சாய்ந்தது. காற்றடைத்ததோ முற்றத்தைக் கடந்து ஓடிற்று. 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், 1845ஆம் ஆண்டிலேயே றொபேட் வில்லியம் தொம்சன் என்பவர் இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தமை பின்னர் தெரியவர, டன்லப்பின் உரிமை செல்லாதாயிற்று. தொம்சன் காலத்திற் காற்று ரயரை வேண்டி நிற்கும் துவிச்சக்கரவண்டி இருக்கவில்லை.

காற்று ரயரின் பயன் சொகுசு மட்டுமன்று. திண்மச் சக்கரம் கல்லில் ஏறும்போது வண்டியும் ஆளும் சேர்ந்து உயர வேண்டும். அதற்கான வலுவை மிதிப்பவனே கொடுக்க வேண்டும். காற்று ரயரோ கல் படும் இடத்தில் மட்டும் அமிழ்ந்து மீள்கிறது. 1889ஆம் ஆண்டு பெல்பாஸ்ற்றில் வில்லி ஹியூம் அத்தகைய ரயருடன் பந்தயங்களில் வென்றதும் ஐயம் அகன்றது. இறப்பருக்கான தேவை உலகெங்கும் பெருகிற்று. 1876இல் ஹெனரத்கொடையில் நடப்பட்ட பிரேசில் நாட்டுக் கன்றுகள் இலங்கையின் பெருந்தோட்டங்களுக்கு வித்தானமைக்கும் இத்தேவையே காரணம்.

நல்ல வீதி வேண்டுமென்று முதலில் ஒன்றுதிரண்டு குரலெழுப்பியோருள் துவிச்சக்கரவண்டிக்காரர் முதன்மையானவர். இங்கிலாந்தில் அவர்தம் கழகங்கள் 1886இல் வீதித் திருத்தச் சங்கத்தை நிறுவின. அமெரிக்காவில் 1880இல் தோன்றிய அவர்தம் சங்கம், 1892இல் ‘நல்ல வீதிகள்’ என்னும் பொருள்படும் பெயரில் சஞ்சிகை நடத்திற்று. மறு ஆண்டு அந்நாட்டு அரசாங்கம் வீதி ஆய்வுக்கென ஓர் அலுவலகம் திறந்தது.

ஆனால் விளைவை அறுவடை செய்தது மோட்டார் வண்டி. விரைந்தோடும் அதன் இறப்பர்ச் சக்கரங்கள் கல்லை நெரித்துத் துகள் ஆக்கவில்லை. கற்களை இறுக்கியிருந்த துகளை உறிஞ்சிப் புழுதியாக வீசின. மக்கடம் வீதி குலையலாயிற்று. 1902இல் மொனாக்கோவில் வைத்தியர் குக்லியெல்மினெற்றி வீதிக்குத் தார் பூசிப் புழுதியை அடக்கினார். அதே ஆண்டில் நொட்டிங்ஹம் பகுதி வீதி அதிகாரி எட்கர் ஹூலி, தாரும் உலைக்கசடும் கலந்த கலவைக்குக் காப்புரிமை பெற்றார்.

தார் வீதிகளும் ஒரு தன்மையன அல்ல. தாரோடு கல்லைக் கலந்து உருளையால் அழுத்திய வீதி வழவழப்பானது. தாரைத் தெளித்து அதன்மேற் சிறுகல் தூவும் முறையோ செலவு குறைந்தது. நீர் உட்புகாமற் காப்பது. மழையிற் சக்கரம் வழுக்காது பிடிப்பது. ஆனால் கல் பருமனாயின் துவிச்சக்கரவண்டி இடையறாது நடுங்கும்; ஒட்டாத கல் திருப்பங்களிற் சறுக்கி வீழ்த்தும். வழவழப்பான வீதியில் இறுகிய ரயர் நன்று. கரடான வீதியில் அதே ரயர் துள்ளும். அதிர்ச்சியை உடல் வாங்கி வலுவை இழக்கும். ஆகவே அங்கு சற்று அகன்ற, காற்றுக் குறைந்த ரயரே விரைவும் தரும். 1896இல் தொடங்கிய பாரிஸ் – றூபே பந்தயத்தில், கல் பாவிய பழைய பாதைகளைக் கடக்கும் வீரர் இன்றும் இவ்வுபாயத்தையே கையாள்கின்றனர்.

மோட்டார் வண்டியில் ஓடுவோர் கல்லின் பருமனை அறியார். செலவையும் உழைக்கும் காலத்தையும் கணக்கிட்டே வீதிக்குரிய கல் தெரிவு செய்யப்படுகின்றது. அக்கணக்கில் இடம்பெறாத எஞ்சிய செலவொன்று உண்டு. அதை மிதிப்பவன் தன் தசையால் இறுக்கின்றான். நல்ல வீதியை முதலிற் கேட்டவனும் அவனே.