சுவரில் இருந்த பெண்

கணியூரில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே நீளமான ஒரு சுவர் இருந்தது. தேர்தல் வந்தால் கட்சிச் சின்னம், மற்ற நாட்களில் சிமெண்டு விளம்பரம். 1990களின் நடுவில் ஒருநாள் அதில் புதிதாக ஒரு படம் வந்தது. ஒரு பெண்ணின் முகம். பாதி முகத்தில் மை தீட்டிய கண், சிவந்த உதடு, காதோரம் மல்லிகைச் சரம். மறுபாதி மண்டை ஓடு. கீழே சிவப்பில் ‘எய்ட்ஸ்: உயிர்க்கொல்லி நோய்’ என்று எழுதி, எழுத்திலிருந்து இரத்தம் சொட்டுவதுபோல வரைந்திருந்தார்கள்.

பெண்பிள்ளைகள் நாங்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் வேகமாக நடப்போம். ஆண்கள் அந்தச் சுவரில் சாய்ந்து நின்று பீடி பிடித்துக்கொண்டே உடுமலைப் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். படம் யாரைப் பயமுறுத்த வரையப்பட்டதோ அவர்கள் பயப்படவில்லை என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

சென்ற ஆண்டு டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் நாளை ஒட்டி, எங்கள் கல்லூரியின் செஞ்சுருள் சங்கம் சுவரொட்டிப் போட்டி வைத்தது. நடுவர்களில் நானும் ஒருத்தி. இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கொண்டுவந்த படத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. பாதி பெண் முகம், பாதி மண்டை ஓடு. இந்தப் பெண் பிறப்பதற்கு முன்பே எங்கள் ஊர்ச் சுவரில் வெள்ளை அடித்து மறைக்கப்பட்ட படம் அது. அவள் அதைப் பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் அது அவள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நடுவர்களுக்குள் விவாதம் வந்தது. “ரொம்பக் கோரமாக இருக்கிறது” என்றார் ஒருவர். “கோரமாக இருந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்” என்றார் இன்னொருவர். பொதுச் சுகாதார விளம்பரங்கள் அதிர்ச்சியில் எல்லை மீறலாமா என்ற வாதம் எப்போதும் இப்படித்தான் நடக்கிறது. அதிர்ச்சி எவ்வளவு என்று அளக்கிறோம். அந்த அதிர்ச்சி யார் தலையில் விழுகிறது என்று கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முதன்மையானது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான், 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்து, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. ஆய்வுக்கூட வசதி இல்லாத நிலையில் இரண்டு பெண்கள் செய்துமுடித்த பெரிய காரியம் அது. மே மாதம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார்.

இரத்தம் கொடுத்த பெண்கள் யார்? பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகக் கைதாகிக் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர்கள். எதற்காக இரத்தம் எடுக்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் கூறியிருக்கிறார். தொற்று இருந்த பெண்கள் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் வெளியே விடப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் அவர்களுக்காக நீதிமன்றம் போனார். 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. இந்தப் பெண்களிடம் வந்துபோன ஆண்களை அடைத்துவைத்துச் சோதிக்க ஊரில் எந்தக் காப்பகமும் இருக்கவில்லை. நோயைத் தேடிய இடம் பெண்ணுடல் என்பதால், நோய்க்குக் கிடைத்த முதல் முகமும் பெண்முகமாக ஆனது. எங்கள் ஊர்ச் சுவரில் படம் வரைந்தவர் அந்த முகத்தைத் தானாகக் கற்பனை செய்யவில்லை.

உலகின் வேறு மூலையிலும் இதே கதை உண்டு. 1987இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. கறுப்பு அங்கி போர்த்திய எலும்புக்கூட்டு எமன் பந்தை உருட்டிவிட, ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கட்டைகள் போலச் சரிந்து விழுவார்கள். எல்லோருக்கும் ஆபத்து உண்டு என்று சொல்வதே நோக்கம். பார்த்தவர்களோ அந்த எமனைத் தன்பால் விரும்பும் ஆண்களாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிரச்சாரத்தில் முக்கியப் பங்கு வகித்த மருத்துவர் ரான் பென்னி பிற்பாடு இதை வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். பயத்துக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. சமூகம் ஏற்கெனவே யாரை வெறுக்கிறதோ, அவர்கள் முகமே அதற்குக் கிடைக்கிறது.

தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இல் தொடங்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் பேருந்தின் முதுகிலும் பள்ளிச் சுவரிலும் எய்ட்ஸ் என்ற சொல் இல்லாத ஊரே இல்லை. அந்தக் காலத்தில்தான் எங்கள் தெருவில் ஓர் அக்காவின் கணவர் இறந்தார். லாரி ஓட்டியவர். என்ன காய்ச்சல் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கருமாதி முடிந்ததும் அக்காவுக்கு இரத்தச் சோதனை செய்தார்கள். முடிவு அவர் கைக்கு வருவதற்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது. புகுந்த வீட்டில் பாத்திரம் தனி, பாய் தனி. பிறகு பிறந்த வீட்டின் பின்கட்டில் ஓர் அறை.

அம்மா ஒருநாள் எலுமிச்சம்பழம் கொடுத்து என்னை அங்கே அனுப்பினார். அக்கா வரக்காப்பி வைத்துக் கொடுத்தார். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எய்ட்ஸ் தொட்டால் வராது, ஒரே டம்ளரில் குடித்தால் வராது என்று பள்ளியில் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனாலும் வாயருகே கொண்டுபோக முடியவில்லை. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: “ஏங்கண்ணு, அந்தச் செவுத்துல இருக்கறவளாட்டமா இருக்கறேன் நானு?”

நான் பதில் சொல்லவில்லை. காப்பியையும் குடிக்கவில்லை. நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன்.

பாடப் புத்தகம் என் தலையில் இருந்தது. படமோ என் கையில் இருந்தது. இரண்டும் மோதியபோது படம் வென்றது. அதிர்ச்சிப் படத்தின் வலிமை அது. அதை நான் மறுக்கவில்லை. அந்த வலிமை ஒரு பெண்ணுக்கு எதிராக என் வழியாகவே வேலை செய்தது என்பதைத்தான் இத்தனை ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அக்கா 2002இல் இறந்தார். மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறோம் என்றபோதெல்லாம், “உயிர்க்கொல்லினு எழுதிப்போட்டிருக்காங்கல்ல, அப்புறம் எதுக்குப் போறது?” என்பாராம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2004 ஏப்ரலில், அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டால் நீண்ட நாள் வாழலாம் என்ற நிலை வந்தது. சுவர்கள் மட்டும் பழைய தீர்ப்பையே எழுதிக்கொண்டிருந்தன.

அக்கா தனி ஆள் அல்ல. சுனிதி சாலமன் நிறுவிய சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த 134 எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களைப் பற்றிய ஆய்வு 2000இல் வெளியானது. அவர்களில் 81 விழுக்காட்டினர் இல்லத்தரசிகள். 88 விழுக்காட்டினர் ஒரே ஆணோடு மட்டும் உறவு கொண்டவர்கள். ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்று சுவரெழுத்து யாருக்கு அறிவுரை சொன்னதோ, அந்த ஒருத்திதான் தொற்றோடு வந்து நின்றாள். கணவர் வழியே தொற்று வந்த நாமக்கல் கௌசல்யா, தன் நிலையை வெளிப்படையாகச் சொல்லி, 1998இல் 18 பெண்களோடு சேர்ந்து பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். சுவர்ப்படங்களில் இல்லாத பெண்கள் அவர்கள். மண்டை ஓட்டுக்கும் மல்லிகைச் சரத்துக்கும் நடுவே அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

2003வாக்கில் வந்த ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ விளம்பரம் பலருக்கும் நினைவிருக்கும். அப்போது நான் ஆய்வு மாணவி. ராஜா என்று பெயருள்ள மாணவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதன்முறையாகக் கேள்வி ஆணை நோக்கித் திரும்பியது. டீக்கடையில் நின்று அந்தச் சொல்லை உச்சரிக்க முடிந்தது. எனக்கு இருந்த குறை வேறு. புள்ளிராஜாவின் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வருமா என்று அந்தப் பலகை கேட்கவில்லை.

அப்படியானால் அதிர்ச்சிப் படமே கூடாதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2014இல் வந்த புகையிலை எதிர்ப்பு விளம்பரத்தில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த சுனிதா தோமர் தோன்றினார். புகையிலை மென்று வாய்ப்புற்று வந்து, அறுவை சிகிச்சையில் தாடை சிதைந்த முகம். பார்க்கக் கடினமான படம்தான். ஆனால் அதில் அவரே பேசினார், தன் கதையைச் சொன்னார். பொட்டலத்தின் மேல் எச்சரிக்கைப் படத்தைப் பெரிதாக்கக் கேட்டுப் பிரதமருக்குக் கடிதமும் எழுதினார். அந்தப் படம் 85 விழுக்காடாகியிருக்க வேண்டிய 2015 ஏப்ரல் 1 அன்று, அது தள்ளிவைக்கப்பட்டிருந்த நிலையில், தன் 28ஆம் வயதில் இறந்தார். ஓராண்டு கழித்து அது நடைமுறைக்கு வந்தது. சுவரில் இருந்த பெண்ணுக்குப் பெயர் இல்லை, வாய் இல்லை. சுனிதாவுக்கு இரண்டும் இருந்தன. எல்லைக்கோடு எங்கே என்று கேட்டால், நான் இங்கேதான் கிழிப்பேன்.

பயம் மட்டும் ஒருவரை நடக்கவைக்காது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1965இல் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தாலும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிய துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். சிலருக்குக் கோரமான படங்களோடு, சிலருக்கு மென்மையாக. பயந்தவர்கள் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறோம் என்றார்கள், ஆனால் போகவில்லை. மருத்துவ நிலையம் எங்கே இருக்கிறது, எப்போது போகலாம் என்று வரைபடத்தோடு சொல்லப்பட்டவர்களில் 28 விழுக்காட்டினர் போனார்கள். அது இல்லாதவர்களில் 3 விழுக்காட்டினரே போனார்கள். படம் கோரமா மென்மையா என்பது அங்கே பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

போட்டி முடிந்த மாலை அந்த மாணவியை அழைத்துப் பேசினேன். அவள் அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். “இந்தப் படத்தில் இருக்கிற பொண்ணு யாரும்மா?” என்று கேட்டேன். யோசித்தாள். “யாருமில்லீங்க மேடம். சும்மா ஒரு பொண்ணு” என்றாள். பிறகு அவளே கேட்டாள்: “அப்ப எப்படி மேடம் பயமுறுத்தறது?”

அக்காவைப் பற்றிச் சொன்னேன், குடிக்காமல் வைத்துவிட்டு வந்த காப்பி உட்பட. அவள் ஒன்றும் பேசாமல் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள். மறுவாரம் வேறொரு தாள் கொண்டுவந்தாள். படமே இல்லை. அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கிறது, சோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும், உதவிக்கு 1097 என்று தமிழிலும் இந்தியிலும் எழுதியிருந்தாள். இந்தி எதற்கு என்றேன். “அம்மாகூட வேலை செய்யற அக்காங்க பாதிப் பேர் வடக்கத்திக்காரங்க மேடம், அவங்களும் படிக்கணுமில்ல?” என்றாள்.

பரிசு ஏற்கெனவே வேறொருவருக்குப் போய்விட்டது. அந்தத் தாள் எங்கள் துறை வாசலில் ஒட்டியிருக்கிறது. ஒருநாள் காலையில், தாவணியில் ஒரு பெண் அதன் முன் நின்று எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காததுபோலக் கடந்துவந்தேன். அவள் முகத்தை யாரும் சுவரில் வரைந்துவிடக் கூடாது.