கட்டடம் ஒரு முறை, சம்பளம் மாதா மாதம்

காரைக்காலிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் எல்லையில் இருக்கும் ஊர் பூவம். நண்டலாற்றைத் தாண்டிவிட்டால் தமிழ்நாடு. சற்றுத் தொலைவில் பொறையாறு, அதை அடுத்துத் தரங்கம்பாடி. 1845 வரை தரங்கம்பாடியில் டேனிஷ் கொடி பறந்தது. காரைக்காலில் 1739 முதல் 1954 வரை, இடையில் சில காலம் நீங்கலாக, பிரெஞ்சுக் கொடி. சுற்றிலும் ஆங்கிலேயரின் தஞ்சாவூர் ஜில்லா. மூன்று அரசுகளும் எந்தப் பணத்தில் பள்ளி நடத்தின என்று ஒப்பிட்டுப் பார்க்க இந்த வட்டாரத்தைவிட நல்ல இடம் தமிழகத்தில் இல்லை. இன்று ஓர் ஊருக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று பேச்செடுத்தால் முதலில் இடம் பார்ப்போம், அடுத்து கட்டடத்துக்குப் பணம் தேடுவோம், ஆசிரியரைப் பற்றிக் கடைசியில்தான் யோசிப்போம். முந்நூறு ஆண்டு அனுபவம் இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறது. கட்டடத்துக்குக் கொடை தர ஆள் பெரும்பாலும் கிடைத்திருக்கிறது. பள்ளி நிலைத்ததா, நொடித்ததா என்பதை முடிவு செய்தது ஆண்டுதோறும் தவறாமல் வந்த வருவாய்தான். அதோடு, அந்த வருவாயை வைத்திருந்தவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதும்.

கட்டடமே இல்லாமல் பள்ளி நடந்த காலத்திலிருந்து தொடங்கலாம். திண்ணைப் பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு வீட்டுத் திண்ணையோ கோயில் மண்டபமோ போதும். வாத்தியாருக்குப் பெற்றோர் அறுவடையில் நெல் அளந்தார்கள், பண்டிகைக்குத் துணியும் காசும் கொடுத்தார்கள். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டுத் தொகுத்தபோது, 1826-ல் மாகாணத்தில் இப்படிப்பட்ட நாட்டுப் பள்ளிகள் 12,498 என்று கணக்கு வந்தது. அரசுப் பணமும் கட்டடமும் பெரும்பாலும் இல்லாமலே இத்தனை பள்ளிகள் உயிரோடு இருந்ததற்கு ஆண்டு நெல்தான் காரணம். ஆனால் நெல் அளக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும், தீண்டாமையின் பேரால் திண்ணைக்கே வர முடியாத பிள்ளைக்கும் அங்கே இடமில்லை. வருவாய் யாரிடமிருந்து வருகிறதோ அவர்களுக்கான பள்ளியாகவே அது இருந்தது.

தரங்கம்பாடியில் நடந்தது வேறு வகை. 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சாவும் அடுத்த ஆண்டே பள்ளி தொடங்கிவிட்டார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, பின்னர் அச்சகம், 1716-ல் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றுவிக்கும் கூடம் என்று பத்தே ஆண்டில் அந்தச் சிறு கோட்டை ஊர் கல்விக்குப் பேர்போனதாயிற்று. இதற்கெல்லாம் பணம் வந்தது கடலுக்கு அப்பாலிருந்து. டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக் அஞ்சல் வருவாயிலிருந்து ஆண்டுக்கு 2,000 தாலர் ஒதுக்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் மிஷனரிகளின் கடிதங்களை அச்சிட்டு விற்று, படித்தவர்களிடம் நன்கொடை திரட்டினார்கள். சீகன்பால்க் மற்ற மிஷனரிகளைவிடத் திறமையானவர் என்பதால் மட்டும் அந்தப் பள்ளிகள் நிலைக்கவில்லை. 1719-ல் அவர் இறந்த பிறகும், அடுத்த ஆண்டே அவருடைய தோழர் கிரண்ட்லர் இறந்த பிறகும் ஒரு நூற்றாண்டுக்கு அருகில் அவை நடந்தன என்றால், ஆண்டுத் தொகை வந்துகொண்டிருந்ததே காரணம். நெப்போலியன் போர்களில் ஹாலேயின் வரவு சுருங்கியது. 1808 முதல் 1815 வரை தரங்கம்பாடியே ஆங்கிலேயர் வசம் போயிற்று. பள்ளிகள் தளர்ந்தன. சுவர்கள் அப்படியே இருந்தன. சம்பளம் நின்றதுதான் பிரச்சினை. ஐரோப்பாவில் நடந்த ஒரு போர் நம்மூர்ப் பிள்ளையின் படிப்பை நிறுத்தியது. அதைத் தட்டிக் கேட்க இந்த வட்டாரத்தில் ஒருவருக்கும் உரிமை இல்லை, ஏனென்றால் அது தானம்.

அதே மிஷனைச் சேர்ந்த சுவார்ட்ஸ் இதைப் புரிந்துகொண்டவர். 1780-களில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் திறக்க முனைந்தபோது, அங்கங்கே ஆட்சியிலிருந்தவர்களின் ஆதரவையும் தேடினார், ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியையும் நாடினார். 1787-ல் லண்டன் இயக்குநர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் அனுமதித்தார்கள். தொகை சிறியதுதான். கம்பெனி எதிர்பார்த்தது குமாஸ்தாக்களை என்பதும் தெரிந்ததே. ஆனாலும் ஆளும் அரசு பள்ளிக்கு ஆண்டுச் செலவு கொடுக்கக் கடமைப்பட்டது என்ற எண்ணம் தமிழ்நாட்டில் கால் ஊன்றியது அங்கேதான் என்று நான் கருதுகிறேன். 1854-ல் வந்த சார்லஸ் உட்டின் கல்விக் கொள்கையும், அதையொட்டிய மானிய முறையும் இதை விரிவாக்கியவை.

சத்திரங்களின் கதைதான் எல்லாவற்றையும்விடப் படிப்பினை உள்ளது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1802-ல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். வழிப்போக்கருக்குச் சோற்றோடு பிள்ளைகளுக்குப் படிப்பும் அங்கே உண்டு. இராஜாமடத்திலும் மராட்டிய மன்னர் வழிச் சத்திரம். இவற்றுக்கெல்லாம் நிலம் எழுதி வைத்திருந்ததால், 1855-ல் அரச வம்சம் முடிந்த பிறகும் வருமானம் நிற்கவில்லை. பின்னாளில் ஜில்லா போர்டின் கைக்கு வந்தது. அந்த வருமானத்தில்தான் ஒரத்தநாட்டிலும் இராஜாமடத்திலும் மாணவர் விடுதிகள் நடந்தன. இங்கே ஒரு ஆட்சேபணை எழும், நியாயமானதே: அறக்கொடை என்பது கொடுத்தவரின் காலத்துச் சாதி வழக்கத்தையும் சேர்த்துக் கொண்டுதானே வருகிறது? ஆம், அப்படித்தான் வந்தது. இந்த விடுதிகள் பிராமண மாணவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். 1924-ல் ஜில்லா போர்டுத் தலைவரான ஏ.டி. பன்னீர்செல்வம் அந்தக் கதவை மற்றவர்களுக்கும் திறந்தார். இது ஒரு மனிதரின் துணிச்சல் என்று சொல்வது சரிதான். ஆனால் சத்திரத்தின் வருமானம் ஒரு குடும்பத்தின் பெட்டியில் இருந்திருந்தால் எவ்வளவு துணிச்சல் இருந்தும் பயனில்லை. தேர்தலில் நின்று வருகிற ஒரு சபையின் கணக்கில் அது இருந்ததால்தான் விதியை மாற்ற முடிந்தது.

பிரெஞ்சு ஆட்சி வேறு பாதையில் போனது. 1826-ல் ஆளுநர் தெபாசின் தெ ரிஷ்மோன் புதுச்சேரியில் அரசுக் கல்லூரி திறந்தார். மேல்படிப்பின் உச்சி அங்கேயே நின்றது. காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சுமார் 130 கிலோமீட்டர். பூவத்துப் பிள்ளைக்கு அது வேறு நாடு போலத்தான். செலவை முழுக்க அரசு ஏற்றாலும், அதைத் தலைநகரில் மட்டும் செலவழித்தால் கிராமம் வெளியே நின்றுவிடும் என்பதற்கு இது சான்று. புதுச்சேரியிலேயே ஒரு நல்ல மாற்றும் உண்டு. கலவை சுப்பராய செட்டியாரின் கொடையில் எழுந்த கலவைக் கல்லூரி பிறகு அரசிடம் சேர்ந்து, இன்று வ.உ.சி. பெயரில் அரசு மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. வியாபாரி கட்டினார், அரசு சம்பளம் கொடுக்கிறது. இந்தப் பங்கீடுதான் நான் சொல்ல வருவது.

அதை மாநில அளவில் செய்து காட்டியது காமராஜர் ஆட்சி. 1954-ல் அவர் முதலமைச்சரானார், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநர். ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்று தூரத்தை வைத்துத் திட்டமிட்டார்கள். 1958-ல் திருவள்ளூர்ப் பக்கம் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. பிறகு ஊர் ஊராகப் பரவியது. மேடையில் ஒருவர் எழுந்து இரண்டு பெஞ்சு என்பார், இன்னொருவர் கரும்பலகை, மற்றொருவர் குடிதண்ணீர்க் கிணறு, வசதியுள்ளவர் ஒரு வகுப்பறை அல்லது நிலம். இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் மக்களின் தாராளத்தைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மாநாட்டில் யாரிடமும் கேட்கப்படாத ஒன்று. ஆசிரியர் சம்பளத்தை ஊரிடம் கேட்கவில்லை. அது மாநில பட்ஜெட்டில் நின்றது. ஒருவர் வாழ்நாளில் ஒரு முறை கொடுக்கக்கூடியதை ஊரிடம் வாங்கிக்கொண்டு, மாதா மாதம் வேண்டியதை அரசு வைத்துக்கொண்டது.

உயர்நிலைப் பள்ளிக்கு இந்தப் பங்கீடு ஏன் இன்னும் அவசியம் என்றால், தொடக்கப் பள்ளியை இரண்டு ஆசிரியர்கள் ஒப்பேற்றிவிடலாம். பத்தாம் வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர் வேண்டும், தலைமையாசிரியர் வேண்டும், ஆய்வகத்தில் தீர்ந்துபோகும் அமிலத்தை ஆண்டுதோறும் வாங்க வேண்டும். கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில் வகுப்பறை எத்தனை இருந்தும் என்ன?

கட்டடம் சும்மா வருவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், குறிப்பாக டெல்டாவில். பூவத்தைச் சுற்றிலும் வயல். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும். மேடான நிலத்தில் ஏற்கெனவே குடியிருப்பு. மிச்சமுள்ள நஞ்சையில் கோயிலுக்கும் மடத்துக்கும் உரியது நிறைய. அதை விலைக்கு வாங்குவது லேசில்லை. பள்ளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் தாழ்ந்த இடமாக இருக்கும். லாரி லாரியாக மண் அடித்து, தண்ணீர் விட்டு இறுக்கி, ஒரு மழைக்காலம் படியவிட்டு, அதன்மேல் அஸ்திவாரம் போட வேண்டும். அவசரப்பட்டுப் போட்ட தரை ஒரே மழையில் இறங்கி, சுவர் மூலையில் விரிசல் விடும். கடலோரத்து உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, கூரையின் அடியில் சிமெண்டு பெயர்ந்து விழும். ஆக, கட்டடத்துக்கும் ஆண்டுச் செலவு உண்டு. திறப்பு விழாக் கல்வெட்டில் கொடையாளர் பெயர் இருக்கும். பத்தாம் ஆண்டில் பூச்சு வேலைக்குக் காசு கொடுக்க அந்தப் பெயர் வராது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் அரசு உதவி பெறும் ஒரு தனியார் பள்ளியில் 94 குழந்தைகள் எரிந்து இறந்ததை என் வாதத்துக்கு எதிராகவே காட்டலாம். உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும், கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. அதாவது நான் நல்லது என்று சொல்லும் பங்கீடே அங்கும் இருந்தது. கூரை மட்டும் கீற்று. ஆனால் அந்த விபத்து காட்டுவது, கட்டடத்தை ஒரு முறை முடிந்துபோன காரியமாக நினைத்ததன் விளைவு. ஆண்டுதோறும் வந்து பார்த்து அனுமதியை நிறுத்த வேண்டிய அதிகாரி பார்க்கவில்லை. மேற்பார்வையும் பராமரிப்பும் மாதச் செலவின் பக்கம் சேர வேண்டியவை. அவற்றை நிர்வாகத்தின் நல்ல மனதுக்கு விட்டதுதான் குற்றம்.

இன்னொரு எதிர்ப்பு எனக்குக் கனமாகவே படுகிறது. ஊர் கொடுக்க வேண்டும் என்றால் ஏழை ஊர் என்ன செய்யும்? தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளியை உயர்நிலையாக்க ஊர் மக்கள் 1 லட்சம் ரூபாயும், உயர்நிலையை மேல்நிலையாக்க 2 லட்சமும் பங்குத்தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. வசூலித்துக் கட்டிய ஊர்கள் உண்டு. கூலி வேலைக்குப் போகிற குடியிருப்புக்கு அது மலை. சீரமைப்பு மாநாட்டில் கொடை விருப்பமாக இருந்தது. பங்குத்தொகையில் அதுவே வாசற்கதவாகிவிட்டது. இதை எதிர்க்காமல் காமராஜர் காலத்தைப் புகழ்வது பொருந்தாது. நிலமும் கட்டடமும் தர முடியாத ஊரில் நபார்டின் ஊரக உட்கட்டமைப்பு நிதிக் கடனையோ வேறு நிதியையோ எடுத்து அரசே கட்ட வேண்டும். கடனை எடுப்பது கட்டடத்துக்குச் சரி. சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். சம்பளத்தைத் தற்காலிகத் திட்டத்தின் மேல் ஏற்றுவதுதான் ஆபத்து. 2024-25-ல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. அரசுப் பணமும் நிற்கக்கூடியது என்று சொல்பவருக்கு என் பதில்: நிற்கும், ஆனால் அதைக் கேட்கச் சட்டமன்றமும் நீதிமன்றமும் உண்டு. ஹாலேயின் நன்கொடை நின்றபோது தரங்கம்பாடிக்கு அந்த வழி இல்லை.

பூவத்துக்கு இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. தூரத்தை வைத்துத் திட்டமிடும் விதி எல்லையில் நின்றுவிடுகிறது. ஐந்து கிலோமீட்டர் வட்டம் வரைந்தால் அதில் ஒரு பாதி மயிலாடுதுறை மாவட்டத்தில் விழும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் காரைக்காலின் கணக்கில் இல்லை, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே இல்லை. இரண்டு அரசுகளும் தத்தம் பாதி வட்டத்தை எண்ணி, போதிய மாணவர் இல்லை என்று சொல்ல முடியும். நெடுங்காலம் காரைக்கால் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றின. அதனால் ஆற்றைத் தாண்டிப் படிப்பதில் பிள்ளைக்குச் சிரமமில்லை. அண்மையில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறியதும் அந்த வசதியும் போயிற்று. எல்லை ஊர்களுக்காவது இரண்டு கல்வித் துறைகளும் ஒரே மாணவர் பட்டியலை வைத்து, எந்தக் கரையில் பள்ளி அமைந்தாலும் மறுகரைப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியர் சம்பளத்தில் பங்கு கொடுக்க வேண்டும். நிலத்தையும் கட்டடத்தையும் ஒரு அரசு தனியாகவே பார்த்துக்கொள்ளும். உடன்படிக்கை வேண்டியது ஆண்டுக் கணக்குக்குத்தான்.