பிணைந்த ஒளித்துணிக்கைகளும் ஊவாவின் கல்வி வரலாறும்

ஊவாவின் வரலாற்றை எழுதியோர் கோப்பியின் வீழ்ச்சியையும், தேயிலையின் பரவலையும், 1924இல் பதுளையை வந்தடைந்த புகையிரதப் பாதையையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நவீன பௌதிகவியலின் வரலாறோ இம்மலைகளுக்குப் புறம்பானதென்றே கருதப்பட்டு வந்துள்ளது. பிணைந்த ஒளித்துணிக்கைகளின் இடஞ்சார் நிலைகளை அளவிடும் முயற்சி வளர்ந்த வகையினைக் கொண்டு இக்கருத்தினைப் பரிசீலிக்க இக்கட்டுரை முனைகின்றது.

1935இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் ஒரு வினாவினை எழுப்பினர். இரு துணிக்கைகளின் இருப்பிட வேறுபாடும் உந்தங்களின் கூட்டுத்தொகையும் ஒருங்கே திட்டமாக அமையுமாயின், ஒன்றை அளந்து மற்றதன் இருப்பிடத்தையோ உந்தத்தையோ கூறிவிடலாம். ஆயின் குவாண்டம் கொள்கை தனித்துணிக்கை எதற்கும் இவ்விரண்டையும் ஒருங்கே வழங்குவதில்லை. ஆதலின் அக்கொள்கை நிறைவற்றதென அவர்கள் வாதிட்டனர். நெடுங்காலம் இது சிந்தனைப் பரிசோதனையாகவே நின்றது.

1970இல் பேர்ன்ஹாமும் வைன்பேர்க்கும் ஆராய்ந்த ஒரு நிகழ்வு இதற்கு வழிதிறந்தது. லேசர் ஒளி சிலவகைப் பளிங்குகளூடு செல்கையில், மிக அரிதாக, ஓர் ஒளித்துணிக்கை சக்தி குறைந்த இரண்டாகப் பிரிகின்றது. இரண்டும் ஓரிடத்திற் பிறத்தலின் அவற்றின் இருப்பிடங்கள் ஒத்திருக்கும். உந்தம் காக்கப்படுதலின் அவற்றின் குறுக்கு உந்தங்கள் எதிரெதிராக அமையும். வில்லையினாற் பளிங்கின் விம்பத்தைப் பெற்று இருப்பிடத்தையும், வில்லையின் குவியத்தளத்தில் உந்தத்தையும் அளக்கலாம். நுண்ணிய பிளவுகளை நகர்த்தி, இரு உணர்கருவிகளும் ஒரே கணத்திற் பதிவுசெய்தவற்றை மட்டும் எண்ணுவர். ஒரு பக்கத்துப் பதிவுகளைத் தனியே நோக்கின் ஒழுங்கற்ற பரவலே தென்படும். இரண்டையும் சேர்த்து நோக்கும்போதே தொடர்பு புலனாகும். ஒரு சோடியில் இரு அளவுகளையும் பெறவியலாது. பெருந்தொகையான சோடிகளை மீண்டும் மீண்டும் அளத்தல் வேண்டும்.

2001இல் வியன்னாவில் சைலிங்கர் குழுவினர் ஒளியின் இடஞ்சார் வடிவங்களிடையே பிணைப்பினைக் காட்டினர். 2004இல் ரொச்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தில் மூவர் கூறிய இருப்பிட-உந்தத் தொடர்பே நேரடியாக அளக்கப்பட்டது.

இவ்வரலாறு மேலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். சைமன், சுதர்சன், முகுந்தா ஆகியோருடன் 1980களில் ஒளிக்கற்றைகளின் பரவலை ஆராய்ந்தவர். 2000ஆம் ஆண்டில் அவர் ஓர் அளவுகோலை முன்வைத்தார். ஒரு துணிக்கையின் உந்தக்குறியை மட்டும் கணிதமுறையில் மாற்றிய பின்னர், நிச்சயமின்மைத் தத்துவம் மீறப்படுமாயின் அவ்விணை பிணைந்ததே என்பது அதன் சாரம். காவுசிய நிலைகளுக்கு இது முற்றுமுடிவான சோதனையாகும். அதே ஆண்டில் ஐரோப்பியக் குழுவொன்றும் வேறுவழியால் இதனையொத்த முடிவினை எய்தியது.

பெங்களூரின் பணியும் குறிப்பிடத்தக்கது. 1931இல் கல்கத்தாவிலிருந்து பகவந்தத்துடன் ஒளித்துணிக்கையின் சுழற்சிக்குச் சான்று வழங்கிய சி. வி. இராமன், 1948இல் அங்கு ஓர் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். அங்குப் பணியாற்றிய பஞ்சரத்தினம் முனைவாக்க ஒளியில் எழும் கட்ட வேறுபாட்டினை 1956இல் வெளியிட்டார். அதே நிறுவனத்தின் உர்பசி சின்ஹாவும் பிறநாட்டு ஆய்வாளரும், மும்முனை இடஞ்சார் நிலைகளில் இணைந்த ஒளித்துணிக்கைச் சோடிகளை ஆக்கிய முறையினை 2018இல் அறிவித்தனர். தனிமனித மேதைமை மட்டும் இவற்றை விளக்கப் போதாது. நூலகமும் ஆய்வுகூடமும் ஆசிரிய மாணவத் தொடர்ச்சியும் இவற்றின் சமூக அடித்தளமாயிருந்தன.

இவ்வடித்தளமே ஊவாத் தோட்டங்களுக்கு மறுக்கப்பட்டது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துரைமார்மீது சுமத்திய கடமை, ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவதோடு நின்றது. 1940களிற் பிறந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், உரிமை கோரும் அரசியல் வலுவினையும் பறித்தது. தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட 1970களிலேயே அப்பாடசாலைகள் பெருமளவில் அரசின் பொறுப்பில் வந்தன. பதுளையிற் பல்கலைக்கழகம் அமைந்தது 2005இல். எனவே, இம்மலைகளில் விஞ்ஞானம் வேரூன்றாமைக்குக் காரணம் மக்களின் இயல்பன்று. உழைப்பை மட்டும் வேண்டி அறிவை வேண்டாத ஒரு பொருளாதார அமைப்பேயாகும்.

இந்நிலை மாறுதற்குப் பெருஞ்செலவு முதற்படியன்று. சிறிய லேசர் விளக்கும் இரட்டைப் பிளவும் அளவுகோலும் இருப்பின், ஒளியின் அலைநீளத்தைப் பசறையிலோ அப்புத்தளையிலோ உள்ள வகுப்பறையில் மாணவர் தாமே கணிக்கலாம். அதனை அவர்தம் மொழியில் விளக்கும் நூல்களும், பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் வேண்டும். இவற்றைக் கோருவது மலையக மக்களின் உரிமைப் போராட்டத்தின் ஒரு கூறேயாகும்.